டிரம்மில் கலந்த ஓட்டுகள்

தேர்தல் பணி ஆணை கைக்கு வந்ததும் வாத்தியார்கள் பார்ப்பது எந்தத் தொகுதி என்று. டீச்சர்கள் பார்ப்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கதவுள்ள கழிப்பறை இருக்கிறதா என்று. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காகித ஓட்டுக் காலத்திலும் சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன், மெஷின் காலத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். தேர்தல் என்றால் அலை, கூட்டணி, தலைவர் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்களையும் ஏற்றி, எங்கள் மடிமேல் சாமான்களையும் ஏற்றி அனுப்புவார்களே, அந்தச் சாமான்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெட்டி, முத்திரை, மை, மெஷின். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு திருட்டைத் தடுக்க வந்ததுதான். வந்த வேலையை ஒழுங்காகவும் செய்தது. கூடவே எந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது என்பது மட்டும் நாலைந்து தேர்தல் கழித்துத்தான் தெரிய வந்தது.

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அதில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கணக்குப் படித்தவர். அவர் காலத்தில் ஆளுக்கொரு பெட்டி என்று வைத்தார்கள். ஐந்து வேட்பாளர் என்றால் மறைவுக்குள் ஐந்து இரும்புப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். கையில் தரும் சீட்டில் வேட்பாளர் பெயரும் இராது, சின்னமும் இராது. பிடித்த சின்னமுள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆலை லட்சக்கணக்கில் இந்தப் பெட்டிகளைச் செய்து தள்ளியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிடச் சுலபமான முறை இன்றுவரை வரவில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போட்டாரா, மடியில் செருகிக்கொண்டு வந்தாரா, யார் கண்டது? வெளியே மரத்தடியில் ஒருவன் காசோடு நிற்பான். அவனிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் பக்கத்து ஆள் கடைசியில் உள்ளே போய், சேர்ந்த சீட்டையெல்லாம் ஒரே பெட்டியில் திணித்துவிட்டு வருவான். அடையாளமில்லாத சீட்டு ஏழைக்கு எத்தனை வசதியோ அத்தனை வசதி தரகனுக்கும். 1957 தேர்தலும் இதே முறையில்தான் நடந்தது. 1960-61ல் கேரளத்திலும் ஒரிசாவிலும் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, 1962 தேர்தலில் பெரும்பாலான இடங்களில் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரை குத்தும் முறைக்கு மாறினார்கள். பெட்டி ஒன்றே ஒன்று. அதுவும் எல்லார் கண்முன்னே நடு அறையில் இருக்கும்.

அந்த முதல் தேர்தலில் இன்னொரு கதை உண்டு. வட மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் எழுதப் போனவர்களிடம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றுதான் பதிவானது. பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று சென் உறுதியாக நின்றுவிட்டார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அன்றைக்கு அது கொடுமை போலத்தான் பட்டிருக்கும். அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் நிறையப் பேருக்குப் பட்டியலில் சொந்தப் பெயர் வந்துவிட்டது.

நம் பக்கத்தில் சிக்கல் நேர் எதிர். கிழவிக்குத் தன் பெயரைச் சொல்லத் தயக்கமில்லை, புருஷன் பெயரைத்தான் சொல்லமாட்டாள். பட்டியலில் ஒரே பக்கத்தில் நாலு ராமாயிகள் இருப்பார்கள். "வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?" என்று முதல் அலுவலர் கேட்பார். "அதெப்படிங் டீச்சர் சொல்றது... மலை மேல கோமணத்தோட நிக்கறவரு பேருங்க." பழனிச்சாமி என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னதும், பூத் ஏஜென்ட்டுகள் உட்பட எல்லாரும் சிரிக்க, கிழவி தலையை மட்டும் ஆட்டுவாள். சூரியனைக் காட்டுவார்கள், வேலைக் காட்டுவார்கள், சுவரில் மாட்டியிருக்கும் காந்தி படத்தைக் காட்டுவார்கள். ஆள் மாறாட்டம் பண்ண வந்தவளுக்கு இந்த நடிப்பு வராது. பின்னாளில் டி.என்.சேஷன் கொண்டுவந்த புகைப்பட அட்டையைவிட அது நம்பகமான அடையாளமாக இருந்ததுண்டு. அட்டையில் இருந்த முகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முத்திரை முறையில் எங்களுக்குப் பெரிய வேலையே மடித்துக் காட்டுவதுதான். ஓட்டுச் சீட்டை முதலில் நீளவாக்கில் மடிக்கணும், அப்புறம் குறுக்கே. முதலிலேயே குறுக்கே மடித்தால் ஈர மை எதிர்ச் சின்னத்தின் மேல் பதிந்துவிடும். எண்ணும்போது ஒரே சீட்டில் இரண்டு முத்திரை இருக்கும். அதற்காகவே சீட்டைக் கொடுப்பதற்கு முன் நாங்களே ஒருமுறை மடித்துப் பிரித்து, மடிப்புத் தடம் ஏற்படுத்திக் கொடுப்போம். ஸ்வஸ்திக் முத்திரையின் அருமை எண்ணும் மேசையில்தான் தெரியும். ஒட்டிப் பதிந்தது இடம் வலமாகத் திரும்பியிருக்கும், அசல் நேராக இருக்கும். இதைக் காட்டிக்காட்டி ஏஜென்ட்டுகள் சண்டை போடுவார்கள். இரண்டு கட்டத்துக்கும் நடுவே கோட்டின் மேல் குத்திய முத்திரை, முத்திரைக்குப் பதில் கட்டைவிரல் ரேகை, எல்லாச் சின்னத்துக்கும் ஒவ்வொன்று என்று மனம் கோணாமல் குத்தியவர்கள், எல்லாம் செல்லாத ஓட்டு. 1952ல் பெட்டி முன் நின்றவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. தரகனைத் துரத்தியதற்கு நாம் கொடுத்த விலை செல்லாத ஓட்டுதான்.

மை கதை கொஞ்சம் நல்ல கதை. தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய கலவை. 1962லிருந்து மைசூரில் மகாராஜா காலத்தில் தொடங்கிய வண்ணப்பூச்சு ஆலையில் தயாராகிறது. உள்ளே இருப்பது சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகும், வெளிச்சம் பட்டால் கறுத்துப் போகும். சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எதற்கும் அசையாது. நகம் வளர்ந்துதான் போகணும். இதையும் ஏய்க்கப் பார்ப்பார்கள். விரலில் தேங்காய் எண்ணெயோ மெழுகோ தடவிக்கொண்டு வருவார்கள், மை தோலில் படாது. அதனால் மை வைக்குமுன் விரலைத் துணியால் துடைத்துப் பார்க்கணும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. ஊரார் விரலையெல்லாம் துடைத்து மை வைக்கும் இரண்டாம் அலுவலருக்குத் தன் விரல் பத்தும் கறுத்துவிடும். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்த்து, "டீச்சர் பத்து ஓட்டுப் போட்டிருக்காங்க" என்று கிசுகிசுப்பார்கள்.

ஓட்டு மெஷின் வந்த பிறகுதான் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று இன்றைக்குப் பேசுகிறவர்களுக்கு 1971 தெரியாது. அந்த வருஷம் இந்திரா காந்தியின் காங்கிரஸ் எதிர்பாராத அளவுக்கு ஜெயித்தது. தெற்குத் தில்லியில் சசி பூஷணிடம் தோற்ற ஜனசங்கத் தலைவர் பல்ராஜ் மதோக், ஓட்டுச் சீட்டில் ரசாயனம் தடவியிருக்கிறார்கள் என்றார். வாக்காளர் குத்திய மை சில நாளில் மறையுமாம், காங்கிரஸின் பசுவும் கன்றும் சின்னத்தில் முன்பே குத்திவைத்த மறைமை மேலே வருமாம். சோவியத் ருஷ்யாவிலிருந்து வந்த மை என்று ஒரு கிளைக்கதையும் ஓடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சீட்டுகளில் கொஞ்சத்தை எடுத்துப் பார்வையிட நீதிமன்றம் அனுமதித்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, விரல் விட்டு எண்ணிய காகிதத்தின் மீதே அப்படியொரு சந்தேகம் வந்தது. சிப்பின் மீது வராமல் இருக்குமா?

காகிதத்தின் எல்லை எது என்பதை எங்கள் ஜில்லாதான் நாட்டுக்குக் காட்டியது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். டெபாசிட் வெறும் 250 ரூபாய். ஒரு நல்ல வேட்டி விலை. கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். ஓட்டுச் சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக வந்தது. அத்தனை பேருக்கும் சின்னம் தேடவேண்டும், அச்சடிக்க வேண்டும், அந்தப் புத்தகம் நுழைகிற அளவுக்குப் பெட்டி வேண்டும். மற்ற தொகுதிகளில் முடிவே வந்த பிறகு ஒரு மாதம் தள்ளி அங்கே வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். அந்தப் பணிக்குப் போய்வந்த டீச்சர்கள் சொன்னது: வாக்காளர் மறைவுக்குள் போனால் வெளியே வரமாட்டார், பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்கும், எட்டிப் பார்க்கவும் கூடாது, கூப்பிடவும் தயக்கம்.

அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 5,000, மக்களவைக்கு 10,000 என்று உயர்ந்தது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றானது. பெருங்கூட்டம் ஓய்ந்தது. பின்னால் வந்த மெஷினில் ஒரு கருவிக்கு 16 பேர், நாலு கருவி கோத்தால் 64 பேர் என்பதுதான் வெகுநாள் வரம்பு. அந்த வரம்பும் 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் அடிபட்டது. மஞ்சள் வாரியம் கேட்டு விவசாயிகள் மனுப்போட்டு, களத்தில் 185 பேர். மூன்றாம் தலைமுறை மெஷினில் சாவடிக்குப் பன்னிரண்டு கருவிகளை வரிசையாக வைத்துத் தேர்தலை நடத்தினார்கள். இங்கேயும் மஞ்சள் காடு, அங்கேயும் மஞ்சள் காடு. ஈரோட்டு மண்டியில் உட்கார்ந்து இதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

மெஷின் பிறந்த கதை சாவடிக் கைப்பற்றலில் தொடங்குகிறது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவது 1957லேயே பீகாரில் பேகுசராய் பக்கம் ரச்சியாஹி என்ற ஊரில் நடந்தது. எழுபதுகளில் வடக்கே பல இடங்களில் அது வாடிக்கையாகிவிட்டது. பத்துத் தடியர்கள் உள்ளே புகுந்தால் அரை மணியில் ஆயிரம் சீட்டைக் குத்தித் தள்ளலாம். 1977ல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஷக்தர் மின்னணு முறை பற்றிப் பேசத் தொடங்க, ஐதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979ல் மாதிரி செய்தது, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. நிமிஷத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் பதியாது. தடியர்கள் வந்தாலும் மெஷின் தன் வேகத்தில்தான் போகும், அதற்குள் ஒரு பொத்தானை அழுத்தி மூடிவிடலாம். எளிய யோசனைதான்.

1982 மே 19 அன்று கேரளத்துப் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் மெஷின் வைத்தார்கள், மீதிச் சாவடிகளில் காகிதம். இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை மெஷினே கூடாது என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனார், நிற்கவில்லை. தேர்தல் நடந்தது, 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது அதே சிவன் பிள்ளை! அதுவரை மெஷினைப் பற்றி வாய் திறக்காத காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் இப்போது வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மெஷின் நல்லதா கெட்டதா என்பதற்குள்ளேயே போகாமல், சட்டத்திலும் விதியிலும் இருப்பது சீட்டும் பெட்டியும்தான், பாராளுமன்றம் திருத்தாமல் ஆணையம் தானாக மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளிலும் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் ஜெயித்தார். மெஷினை எதிர்த்தவர் மெஷினால் ஜெயித்து, காகிதத்தால் தோற்றார்.

சட்டம் திருத்தப்பட்டது 1988 டிசம்பரில். மெஷின்கள் ஒன்றரை லட்சம் வாங்கப்பட்டு கிடங்கில் தூங்கின. சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த இந்திரேசன் உள்ளிட்ட நிபுணர் குழு 1990ல் பச்சைக்கொடி காட்டியும் 1998 வரை யாரும் தொடவில்லை. அப்புறம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லியில் சில தொகுதிகளில் வைத்துப் பார்த்தார்கள். 2001ல் தமிழ்நாடு முழுக்க மெஷின். அதை எதிர்த்து அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றம் போனது, வழக்கு தள்ளுபடியானது. அந்த மெஷின் தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது அ.தி.மு.க. கூட்டணி. பரவூர்க் கதைக்கு இதுவொரு தமிழ்ப் பதிப்பு. அன்றிலிருந்து நான் பார்த்தவரை எந்தக் கட்சிக்கும் மெஷின் நிரந்தரமாகக் கெட்டதில்லை, தோற்ற வருஷத்துக்கு மட்டும்தான்.

2001ல் எங்கள் சாவடிகளில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சின்னத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பார்கள், பக்கத்தில் நீலப் பொத்தான் சும்மா கிடக்கும். உள்ளிருந்து "அமுங்க மாட்டேங்குதுங்க" என்று குரல் வரும். மறைவுக்குள் நாங்கள் போகக்கூடாது, அட்டையில் வரைந்த மாதிரியை வெளியே வைத்துக் காட்டுவோம். பீப் என்று அந்த நீளச் சத்தம் கேட்டதும் தீக்கங்கை மிதித்தவர்போல் ஒரு பெரியவர் கையை உதறினார். சீட்டு எங்கே, பெட்டி எங்கே என்று வெறுங்கையோடு நின்றவர்கள் பலர். ஒருவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "என்ற ஓட்டு இப்ப எங்கீங்க இருக்குது?" பதில் சொல்ல எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது, குடவோலை பற்றி விவரமாகச் சொல்கிறது. மேடைகளில் அதை அந்தக்கால ஓட்டு என்பார்கள். ஓட்டு இல்லை, குலுக்கல்தான். அதிலும் நிலமும் வீடும் படிப்பும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். ஆனால் நடத்திய விதத்தைப் பாருங்கள். குடத்தைச் சபையோர் எல்லாரும் பார்க்கும்படி பெரியவர் ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்திருக்கிறானா என்ற சந்தேகம் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது, அதற்கு விரித்த விரலே விடையாகவும் இருந்திருக்கிறது. மெஷினுக்கு விரல் இல்லை.

அதற்கு ஈடாகத்தான் சடங்குகள். விடியற்காலையில் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. அவர்களே அழுத்தி, எண்ணிக்கை சரிபார்த்து, பிறகு எல்லாவற்றையும் அழித்துப் பூஜ்ஜியம் காட்டி, பச்சைத்தாள் சீலில் அவர்கள் கையெழுத்து வாங்கி, அரக்கு வைத்து மூடுவோம். ஐந்தரை மணி இருட்டில், கொசுக்கடியில், தேநீர்கூட வராத நேரத்தில் நடக்கிற வேலை இது. பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் பிறக்கின்றன. அவசரத்தில் மாதிரி ஓட்டை அழிக்க மறந்துவிடும் அலுவலர்கள் உண்டு. சாயங்காலம் ஓட்டுக் கணக்குக்கான 17சி படிவத்தில் எழுதிய எண்ணும் மெஷின் காட்டும் எண்ணும் ஐம்பது தள்ளி நிற்கும். வாட்ஸ்அப்பில் அது உடனே சதியாகிவிடும். உண்மையில் அது தூக்கம்.

மெஷினை உடைத்தே காட்ட முடியாது என்று நான் சொல்லவரவில்லை. 2010ல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரைப் மூவரும் அசல் மெஷின் ஒன்றைத் திறந்து, எண் காட்டும் பலகையை மாற்றிவைத்தால் பொய்க் கணக்குக் காட்டும் என்று செய்து காட்டினார்கள். மெஷின் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். இந்த மெஷினுக்கு இணையத் தொடர்பு கிடையாது. ஒவ்வொன்றையும் தொட்டுத்தான் கெடுக்க வேண்டும். லட்சக்கணக்கில், இத்தனை சீலைத் தாண்டி, எல்லாக் கட்சி ஆள் காவலிருக்கும் அறைக்குள்ளே அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "என்ற ஓட்டு எங்கீங்க" என்பதற்கு "நம்புங்கம்மா" என்பது பதிலாகாது.

பதிலாக வந்ததுதான் விவிபாட். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் வைத்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இது வேண்டும் என்றது. 2019ல் நாடு முழுக்க வந்தது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து அறுந்து விழும். கிழவிக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஏழு விநாடி போய்விடும் என்பது வேறு விஷயம். சந்தேகம் தீர்க்க வந்த இந்தக் கருவிதான் புதுச் சந்தேகத்தையும் கொண்டுவந்தது. வெறும் பொத்தான் மெஷினுக்கு வேட்பாளர் யார் என்றே தெரியாது, முதல் பொத்தான், இரண்டாம் பொத்தான், அவ்வளவுதான். சீட்டில் சின்னம் அச்சாக வேண்டுமென்றால் சின்னத்தை உள்ளே ஏற்றியாக வேண்டும், அதற்கு வெளியிலிருந்து ஒரு கருவியை மாட்டியாக வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடிச் சீட்டை எண்ணிப் பார்த்துவந்ததை, 2019 ஏப்ரலில் ஐந்து என்றாக்கியது உச்ச நீதிமன்றம். எல்லாச் சீட்டையும் எண்ணணும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் மறுத்தது. கூடவே, சின்னம் ஏற்றும் கருவியைச் சீல் வைத்து 45 நாள் பாதுகாக்கச் சொன்னது.

சாவடிக்கு வெளியே நடப்பதை மெஷின் தொடுவதே இல்லை. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ஆணையம் ரத்து செய்தது பணப்பட்டுவாடாவுக்காக, 2019ல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்ததும் அதற்காகத்தான். பிரச்சாரத்தில் வந்த புதுமை இன்னும் வேடிக்கை. செத்தவர் ஓட்டுப் போடுவது பழைய கதை. பட்டியலில் பெயர் நீங்காத தாத்தாக்கள் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், பேரன் வந்து தலையில் அடித்துக்கொள்வான். இப்போது செத்தவர்கள் பேசவே வந்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு மேடைத் திரையில் கருணாநிதி வாழ்த்துரை வழங்கினார். பிப்ரவரியில் பிறந்தநாளன்று ஜெயலலிதா குரலில் அ.தி.மு.க. உரை வெளியிட்டது. இரண்டையும் செய்தது கட்சிக்காரர்களேதான், ஒளிவுமறைவு இல்லை. நாளைக்கு இன்னாரென்று தெரியாதவன் செய்வான். தேர்தலுக்கு முந்தின ராத்திரி அப்படியொரு குரல் ஊரைச் சுற்றினால், மறுப்பு அறிக்கை வருவதற்குள் சாவடி மூடியிருக்கும்.

செல்லாத ஓட்டு மெஷினோடு ஒழிந்தது என்பார்கள். ஒழியவில்லை, எங்களிடம் மிஞ்சியது. தேர்தல் பணிக்குப் போகிறவர்களில் பலர் போடுவது இன்னும் தபால் ஓட்டுதான். உறைக்குள் உறை, உறுதிமொழிப் படிவம், சான்றொப்பம் என்று ஏகப்பட்டது. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுப்பவர்களின் ஓட்டு மேசையில் தள்ளுபடியாகும். 2016ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற அப்பாவு, 203 தபால் ஓட்டுகள் தவறாகத் தள்ளப்பட்டன என்று வழக்குப் போட்டார். தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. எத்தனையோ ஹெட்மாஸ்டர்கள் கையெழுத்துக்கு அன்று வந்த மரியாதை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். காகித நாளில் எண்ணும் இடத்தில் ஒரு பெரிய டிரம் இருக்கும். பல சாவடிச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அதில் கொட்டிக் கலக்கி, கலந்த பிறகுதான் மேசைக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். விதிப்புத்தகத்தில் 59ஏ என்று அதற்கொரு விதியே இருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் பழிவாங்குவார்கள் என்பதுதான் காரணம். மெஷின் வந்ததும் டிரம் போய்விட்டது. ஒரு மெஷின் ஒரு சாவடி, ஒரு சாவடி ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. சுற்றுச் சுற்றாக மேசைக்கு வரும்போதே ஏஜென்ட் எழுதிக்கொள்கிறான், முடிவுத் தாளான படிவம் 20லும் சாவடிவாரியாக வந்துவிடுகிறது. கிராமத்தில் சாவடி என்றால் என்ன? இந்த வளவு, அந்தக் காலனி. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான், தெருவின் ஓட்டு பகிரங்கம். நாடே சிப்புக்குள் திருடனைத் தேடிக்கொண்டிருக்கையில், மெஷின் நம்மிடமிருந்து நிஜமாகவே எடுத்துக்கொண்டது இதைத்தான். இதைப் பற்றி டி.வி. விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை.

ஆணையத்துக்கு இது தெரியாமல் இல்லை. பல மெஷின்களை ஒன்றாகக் கோத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை 2008லேயே முன்மொழிந்தது. 2015ல் சட்ட ஆணையமும் ஆமோதித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்த வட்டாரத்தில் ஆதரவு குறைவு என்று தெரிந்தால் கட்சிகள் அங்கே இன்னும் நன்றாக வேலை செய்யலாமே என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எங்கள் பக்கத்துக் காலனிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி கேட்டு ஒரு கட்சிப் பிரமுகரிடம் போனபோது அவரும் சாவடிவாரிக் கணக்கைத்தான் எடுத்துப் பார்த்தார். தாளில் விரலை ஓட்டி நிறுத்திவிட்டு, "உங்க பூத்துல எங்களுக்கு 41 ஓட்டுங்க. அந்த 41 பேரையும் வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றாராம்.